தூங்குமூஞ்சி மரத்து மிம்பர்

மரம் அறுப்பதைப் பற்றியும் மரத்தில் உருச்செதுக்குவதைப் பற்றியும் எழுதுவதற்கு, மதரஸாவில் நஹ்வும் ஸர்ஃபும் ஓதிக்கொடுத்துக் காலங்கழித்த ஒருவனுக்கு என்ன தகுதி என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். தகுதி ஏதுமில்லை. அந்தத் தொழிலில் கைதேர்ந்த ஓர் இளைஞருக்கு இரண்டு முறை தவறான கட்டளை இட்டவன் என்ற உறவு மட்டுமே எனக்கு அதனோடு உண்டு.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. அன்று வெள்ளிக்கிழமை. முத்துப்பேட்டைப் பக்கத்திலுள்ள எங்கள் சிற்றூரில் அன்று நின்ற மரங்களை எண்ணுவது எளிது. விழுந்தவற்றை எண்ண முடியாது. மூன்று தலைமுறையாக வளர்த்த தென்னந்தோப்புகள் அறுவடை முடிந்த வயல்போல் படுத்துக் கிடந்தன. மதரஸா முற்றத்து வேம்பு வேரோடு சாய்ந்தது. பள்ளிவாசலின் மேற்குச் சுவரை ஒட்டி நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரம் கூரையின்மேல் விழுந்து, மிஹ்ராபுக்கு அருகிலிருந்த பழைய மிம்பரைச் சுள்ளிகளாக நொறுக்கிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். குத்பா ஓதும் பொறுப்பும் என்னுடையதே ஆகையால், அன்றைய ஜும்ஆவுக்கு முத்தவல்லி ஒரு தென்னந்துண்டை வெட்டி நிறுத்தச் செய்தார். அதன்மேல் ஏறி நின்று குத்பா ஓதினேன். அந்தத் துண்டின்மேல் ஆறு மாதம் நிற்க வேண்டியிருக்கும் என்று அன்று தெரியாது.

நான்காம் நாள் காலை, தெருமுனையில் காதைத் துளைக்கும் ஓசை கேட்டது. பாதையை மறித்துக் கிடந்த மரங்களை மிஷின் வாளால் ஒருவர் அறுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் அதற்கு மிஷின் வாள் என்றே பெயர். சங்கிலி ரம்பம் என்பது நூல்வழக்கு. என்னைக் கண்டதும் வாளை அணைத்துவிட்டு, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி, ஸலாம் சொன்னார். "என்னைத் தெரியுதா ஹஜ்ரத்?" என்றார். தெரிந்தது. தெரியவில்லை என்று சொல்ல முடிந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு கணம் எண்ணினேன்.

ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் என் மாணவர். பதினான்கு வயதிருக்கும். நினைவாற்றல் சுமார், கை மட்டும் ஓயாது. ஒருநாள் கிதாபு வைக்கும் பலகையில், காம்பஸ் முள்ளாலும் சிறு கத்தியாலும், ஒரு மீன்கொத்தியைச் செதுக்கி வைத்திருந்தார். அலகு, கண், மடித்த சிறகு என ஒன்றும் குறையில்லை. மாணவர்கள் கூடி வியந்துகொண்டிருந்த வேளையில் நான் உள்ளே நுழைந்தேன். உயிருள்ளவற்றின் உருவத்தைச் செய்யலாகாது என்ற மார்க்கத் தீர்ப்பில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. ஆனால் அதை நான் சொன்ன விதம் வேறு. அத்தனை பிள்ளைகள் முன்னிலையில் அவரை எழுப்பி நிறுத்தி, ஓதல் வராத கைக்கு இது மட்டும் வருகிறதோ என்று கேட்டேன். அன்று மாலையே தச்சரை அழைத்து அந்தப் பறவையை இழைப்புளியால் இழைத்துவிடச் சொன்னேன். மறுவாரம் பையன் வரவில்லை. வாப்பா இல்லாத பிள்ளை. உம்மா வந்து, குடகு மலைக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உருவம் செய்து பிழைத்த ஒரு மனிதர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, அவர்கள் தீர்ப்பைச் சொன்னதோடு நிறுத்தவில்லை. செய்துதான் ஆகவேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் செய்துகொள் என்று வழியும் காட்டினார்கள். புகாரியில் உள்ள இந்த ஹதீஸை அதே ஆண்டில்தான் பெரிய வகுப்புக்கு ஓதிக்கொடுத்திருந்தேன். மரம் என்ற சொல் கிதாபில் இருந்தது. எதிரே நின்ற பையனுக்கு அதை எடுத்துக்கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

குடகில் காபித் தோட்டங்களில் நிழல்மரம் கழிக்கும் கூலியாக இருந்து, வாள் பிடிக்கக் கற்றிருக்கிறார். மேனாட்டார் அதே வாளால் அடிமரத்தில் கரடியும் கழுகும் செதுக்குவதைக் கைபேசியில் பார்த்துப் பார்த்து, தாமும் முயன்று, தோட்ட முதலாளிகளுக்கு இருக்கைகளும் பூச்சட்டிகளும் செய்து கொடுத்திருக்கிறார். "உயிருள்ளது ஒண்ணும் செய்யறதில்லை ஹஜ்ரத்" என்று அவராகவே சொன்னார். நான் தலை கவிழ்ந்திருந்தேன்.

இந்த வாளின் கதை விசித்திரமானது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து மருத்துவர்களான ஜான் ஐட்கனும் ஜேம்ஸ் ஜெஃப்ரேயும், எலும்பை அறுப்பதற்கென்று பல்வைத்த சிறு சங்கிலி ஒன்றைக் கையாண்டனர். மரத்துக்கான இயந்திர வாள் வந்தது 1920களில். அப்போதும் சங்கிலிப் பற்கள் மரத்தைச் சுரண்டினவே அன்றிச் செம்மையாக வெட்டவில்லை. 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, ஓர் அடிமரத்தைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப்புழுவைக் கவனித்தார். அதன் இரு தாடைகளும் இடமும் வலமும் மாறிமாறி மரத்தைச் சீவின. அதே வடிவில் அவர் செய்த சங்கிலிப்பல்தான் இன்று எங்கும் வழங்குகிறது. ஸுலைமான் (அலை) அவர்களின் கைத்தடியை அரித்த சிற்றுயிர் ஜின்களுக்கு ஓர் உண்மையை உணர்த்தியதைத் திருமறை கூறுகிறது. மரம் தின்னும் பூச்சியிடம் மனிதன் தொழில் கற்ற கதையைக் கேட்டபோது எனக்கு அந்த நினைவே வந்தது.

புதிய மிம்பர் ஒன்றை விழுந்த மரத்திலேயே செய்துதருவதாக அவர் சொன்னார். பலகை கோத்து அல்ல. ஒரே அடிமரத் துண்டை நிறுத்தி, மூன்று படிகளையும் வாளாலேயே குடைந்தெடுப்பதாக. முத்தவல்லி ஒப்பினார். மரம் தேர்வதற்காக அவரோடு ஊரைச் சுற்றிய அந்த ஒரு நாள், நான் கிதாபுகளில் கழித்த பல மாதங்களுக்கு ஈடானது.

முதலில் தென்னையைக் கேட்டேன். ஊரெல்லாம் கிடப்பது அதுதானே. அவர் ஒரு தென்னந்துண்டின் வெட்டுமுகத்தைக் காட்டினார். வெளிவட்டம் இரும்பு, உள்ளே போகப்போக நார்ச்சோறு. "இதுல ஓரத்துலதான் வைரம் ஹஜ்ரத். குடைஞ்சா உள்ளே பிடிக்க ஒண்ணும் இருக்காது" என்றார். எனக்குத் தொல்காப்பிய மரபியல் நினைவுக்கு வந்தது. புறத்தே காழ் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே காழ் உடையவற்றை மரம் என்றும் அது வகுக்கிறது. காழ் என்பது வைரம். அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லே. படித்த நாளில் இதை ஒரு விநோத இலக்கணமாகவே கருதியிருந்தேன்; வாள் பிடித்தவர் வெட்டுமுகத்தைக் காட்டியபோதுதான் அது தச்சன் அறிந்த உண்மை என்று விளங்கிற்று. அரபு மொழியின் பார்வை வேறு. தண்டின்மேல் எழுந்து நிற்பதெல்லாம் ஷஜர். தண்டின்றித் தரையில் படர்வது நஜ்ம். ஆகவே அரபிக்குப் பேரீச்சை மரம். தமிழ் இலக்கணிக்கு அதுவும் புல். ஒரு மொழி நிமிர்வைப் பார்த்தது, மற்றொன்று நெஞ்சைப் பார்த்தது. இதை அந்த இளைஞரிடம் சொன்னேன். "ரெண்டையும் பார்த்துத்தான் ஹஜ்ரத் அறுக்கணும்" என்றார்.

புளியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒதுக்கினார். கசாப்புக்கடைக் கட்டைக்கு அதைவிட வேறில்லை; ஆனால் காய்ந்த புளியில் வாள் ஓட்டினால் புகைதான் வரும், பல் மழுங்கிவிடும். வாகையின் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. பூவரசு அவருக்கு மிகப் பிடித்தது. வைரம் காபிக்கொட்டை நிறத்தில் இருக்கும், இழைய இழைய மெருகேறும். ஆனால் எங்களுக்கு வேண்டிய பருமனில் கிடைத்த ஒரே பூவரசின் நெஞ்சு உளுத்துப் பொந்தாகியிருந்தது.

உளிக்கு மரம் தேர்வதும் மிஷின் வாளுக்கு மரம் தேர்வதும் ஒன்றல்ல என்பதை அன்று அறிந்தேன். உளிக்காரர் ஆறிக் காய்ந்த, ரேகை நெருங்கிய மரத்தைக் கேட்பார். வாளுக்குப் பச்சை மரம் இசைவு; ஈரம் இருக்கும்வரை பல் வழுக்கிக்கொண்டு ஓடும். பல் கூராக இருந்தால் சீவல் சீவலாக வரும். மாவாகக் கொட்டினால் அரம் போட வேண்டிய வேளை. அமெரிக்காவின் மேற்குக் கரையில் இந்தத் தொழில் செழித்ததற்கு அங்குள்ள செடார் மரமும் ஒரு காரணமாம். மெத்தென்றிருக்கும், ரேகை நேராக ஓடும், எளிதில் உளுக்காது. நம் நாட்டில் பருத்த மரங்கள் பெரும்பாலும் முறுக்கு ரேகை உடையவை. மெல்லிய வடிவங்கள் நில்லா. பருமனாகவே எண்ண வேண்டும், பருமனாகவே வெட்ட வேண்டும்.

ஆனால் பச்சை மரத்துக்கு ஒரு கடன் உண்டு. காயும்போது அது சுருங்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்காது. நெஞ்சிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு, வளையத்தின் சுற்றுவழியே சுருங்கும். முழு அடிமரத்தில் அந்த இழுப்புக்கு இடமில்லையாதலால், நடுக்குருத்திலிருந்து நட்சத்திரம்போல் வெடிக்கும். இதற்கு இரண்டே வழி: நெஞ்சைக் குடைந்து அகற்றிவிடுவது, அல்லது கண்ணுக்குத் தெரியாத பின்புறத்தில், பட்டையிலிருந்து நடுவரை நாமே ஒரு வெட்டுப் போட்டு வைப்பது. மரம் வெடித்தே தீருமென்றால் அந்த வெட்டின் வழியே வாய் திறந்துகொள்ளும், முன்பக்கம் தப்பும்.

இத்தனையும் சொல்லிவிட்டு, அவர் தேர்ந்த மரம் தூங்குமூஞ்சி. அது சுருக்கம் குறைந்த மரம். பச்சையாகவே குடைந்தாலும் பெரிதாக அடம் பிடிக்காது. உள்ளே கருமை கலந்த பழுப்பு வைரம். குறுக்களவு மூன்றரை அடி. ஜமாஅத்தில் இதைச் சொன்னதும் சிரிப்பு எழுந்தது. குத்பாவின்போது தூங்குகிறவர்கள் போதாதா, மிம்பருமா தூங்குமூஞ்சி என்றார் ஒருவர். பள்ளியை இடித்த மரத்தையே பள்ளிக்குள் கொண்டுவருவதா என்றார் இன்னொருவர். தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம், விறகுக்குக்கூட மதிப்பில்லாதது என்று மூன்றாமவர். சிரித்தவர்களில் நானும் ஒருவன். வேம்பே வேண்டும் என்று முடிவு சொன்னவனும் நானே. மதரஸா வேம்பின் நிழலில் நான் பாடம் கேட்டிருக்கிறேன், பாடம் சொல்லியிருக்கிறேன், பூச்சி அணுகாத மரம், பெயரும் கௌரவமானது. பருமன் சிறிது குறைவு என்றும், நெஞ்சைக் குடைந்தால் படி தாங்காது என்றும் இளைஞர் சொன்னார். அப்படியானால் குடைய வேண்டாம் என்றேன். பின்புறம் ஒரு வெட்டாவது போடட்டுமா என்றார். புதிய மிம்பரில் நாமே ஒரு வெட்டுப் போடுவதா என்றேன். "ஹஜ்ரத் சொன்னாச் சரி" என்றார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் என் மாணவராகவே இருந்தது மரத்துக்குத் தீங்காயிற்று.

தை மாதத்தில் வேலை தொடங்கிற்று. வாள் வைக்குமுன் அவர் வேம்பின் பட்டையைக் கையால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். "பாட மணி மாட்டின கொக்கி இந்தப் பக்கம்தானே ஹஜ்ரத்?" வெளியே ஒன்றும் தெரியவில்லை. அந்த மணியை வேறிடம் மாற்றி ஆண்டுகள் பலவாயின; எனக்கு நினைவில்லை. உளியால் கொத்தியபோது நான்கு விரற்கடை ஆழத்தில் இரும்பு தட்டுப்பட்டது. மரம் அதை விழுங்கி மூடியிருந்தது. முற்றத்து மரத்தில் ஆணியும் கொக்கியும் இருக்கும். வாளின் பல் அதில் பட்டால் சங்கிலி அறுந்து தெறிக்கும். விலைக்கு வாங்கிய மரத்தில் இதை எப்படி அறிவாய் என்று கேட்டேன். வெட்டுமுகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் உள்ளே எங்கோ இரும்பு உண்டு என்றார்.

மெல்லிய முனையுடைய அலகை மாட்டிக்கொண்டு அவர் செதுக்கியதைப் பார்த்திருக்கிறேன். முரட்டு இயந்திரம், கையில் எழுதுகோல்போல் சாய்ந்து திரும்பும். அலகு முனையின் மேல்பாதி மரத்தில் முட்டிவிட்டால் வாள் பின்னோக்கித் துள்ளி முகத்துக்கு வரும். அதனால் எப்போதும் உடலை ஒருபுறம் ஒதுக்கியே நிற்பார். பதினைந்து நாளில் மூன்று படிகளும் எழுந்தன. வேம்பின் செம்மையும் மணமும் பள்ளியை நிறைத்தன. நான் பெருமிதத்தோடு எல்லோருக்கும் காட்டினேன்.

பங்குனி வெயில் தொடங்கிய ஒரு நாள், அஸர் தொழுகைக்குச் சற்று முன், பள்ளிக்குள் ஏதோ முறிந்ததுபோல் ஓசை கேட்டு மோதினார் ஓடிவந்தார். மூன்று படிகளையும் ஊடுருவி, உச்சியிலிருந்து அடிவரை, உள்ளங்கை நுழையும் அளவுக்கு வேம்பு பிளந்திருந்தது.

அவரை வரவழைத்தேன். பிளவுக்குள் விரலை விட்டுப் பார்த்தாரே தவிர, முன்பே சொன்னேனே என்று ஒரு சொல் சொல்லவில்லை. அவர் சொல்லியிருக்கலாம். அன்று மாலை மதரஸா திண்ணையில் அமர்ந்து, வேம்பைப் பற்றித் தொடங்கி, பலகையைப் பற்றிப் பேசி முடித்தேன். தவறு என்னுடையது, பன்னிரண்டு ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்தேன் என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பலகை இருக்கா ஹஜ்ரத்?" என்று கேட்டார். பலகை இருக்கிறது, பறவை இல்லை. எடுத்துவந்து காட்டினேன். இழைத்த இடம் மட்டும் சற்றுப் பள்ளமாக இருந்தது. அதில் விரலை ஓட்டிப் பார்த்து, "நல்ல தேக்கு" என்று சொல்லித் திருப்பித் தந்தார். மன்னித்தார் என்றே எடுத்துக்கொண்டேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

இரண்டாம் முறை யாரையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. வெட்டுமுகத்தில் சாணமும் மண்ணும் குழைத்து அப்பி, தென்னங்கீற்று போட்டு நிழலில் காத்து வைத்திருந்த தூங்குமூஞ்சித் துண்டை உருட்டிக்கொண்டு வந்தார். அடியிலிருந்து நெஞ்சைக் குடைந்தார். பின்புறம் நடுவரை ஒரு வெட்டுப் போட்டார். படிகளின் பக்கவாட்டில் எழுத்துச் செதுக்கட்டுமா என்று கேட்டபோது, காலடியில் எழுத்து வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். இலைகளைச் செதுக்கினார். தூங்குமூஞ்சியின் இலைகளையே, மாலையில் கூம்பியதுபோல. பத்துப் பேர் உருளைக்கட்டைகளின்மேல் தள்ளிக்கொண்டுபோய், ரமலானுக்கு முந்திய வெள்ளியன்று, 2019 மே மாதத் தொடக்கத்தில், பள்ளிக்குள் நிறுத்தினார்கள்.

அன்று இளைஞர்கள் தென்னந்துண்டை உருட்டிக்கொண்டு போய் அடுப்புக்குப் போட முனைந்தனர். நான் தடுத்தேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாப் பள்ளியில் பேரீச்ச மரத் தண்டு ஒன்றின்மேல் சாய்ந்து குத்பா நிகழ்த்திவந்தார்கள். பின்னர், அன்ஸாரிப் பெண்மணி ஒருவரிடமிருந்த தச்சர், ஃகாபா என்னும் இடத்து அஸ்ல் மரத்தால் மூன்று படிகள் கொண்ட மிம்பரைச் செய்தார். அண்ணலார் அதில் ஏறியதும் அந்தத் தண்டு அழுதது. இறங்கி வந்து அதை அணைத்து அமைதிப்படுத்தினார்கள். எத்தனையோ முறை இந்த ஹதீஸைப் பயானில் சொல்லியிருக்கிறேன். அஸ்ல் என்பது பாலைநிலத்தில் வளரும் ஒருவகைச் சவுக்கு. அகத்தே வைரம் உடையது. படி செய்யப் பேரீச்சை உதவாது என்பதை அந்தத் தச்சரும் அறிந்திருப்பார். மிம்பருக்குத் தேர்ந்தெடுக்கப்படாத அந்தத் தண்டுக்குக் கிடைத்ததோ அண்ணலாரின் அணைப்பு. தென்னந்துண்டு இப்போது மதரஸா திண்ணையில் இருக்கிறது. கடைசி வரிசைப் பிள்ளைகள் யாராவது எப்போதும் அதன்மேல் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த இளைஞர் மீண்டும் குடகுக்கே போய்விட்டார். இங்கே அவர் தொழிலுக்குப் போதிய வேலையில்லை. ஆண்டுதோறும் ரமலானுக்கு முன் தொலைபேசியில் அழைப்பார். ஸலாம், உடல்நலம் எல்லாம் கேட்ட பிறகு, "வெட்டு எவ்வளவு திறந்திருக்கு ஹஜ்ரத்?" என்பார். நான் மிம்பரின் பின்னால் குனிந்து, நூலை வைத்து அளந்து சொல்வேன். முதலாண்டு ஒரு விரற்கடை திறந்தது. பிறகு அதில் பாதியளவு இன்னும் திறந்தது. சென்ற மூன்று ஆண்டுகளாக அது நகரவில்லை. முன்பக்கத்தில் மயிரிழை போன்ற கீறல்கள் இரண்டு உண்டு. அவற்றை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. அடுத்த முறை சொல்ல வேண்டும்.